ஊசி ஒருவர் பேச்சில், தட்டு இன்னொருவர் பேச்சில்

அரியலூர் பேருந்து நிலையத்தில் என் இடது செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியவில்லை. சித்திரை வெயில், உச்சிப்பொழுது. கீழப்பழுவூர் வழியாகப் போகும் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில், நின்றிருந்த நான்கு பேருந்துகளைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறேன். பூ விற்கும் ஓர் அம்மாள்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

"பெரியவரே, ஒத்தக் கால்ல செருப்பக் காணோமே. அந்தா கெடக்கு பாருங்க. தாரு கொதிக்குது, ஒங்களுக்குச் சுடலயா?"

சுடவில்லை. எனக்கு வந்த முதல் அறிகுறி அதுதான். நோய் முற்றினால் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். வலி நின்றுபோவதும் ஓர் அறிகுறி என்று எழுபத்தொரு வயதில் தெரிந்துகொண்டேன்.

சர்க்கரை நோயோடு நெடுங்காலமாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஊசி போட்டுக்கொள்பவர்களுக்காகவும் அவர்களுக்குச் சமைப்பவர்களுக்காகவும். நான் மருத்துவன் அல்ல. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் லாரிகளை எடை போடும் இடத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளே வரும்போது மொத்த எடை, வெளியே போகும்போது காலி எடை. வாழ்நாள் முழுக்க அந்த ஒரு கழித்தலைத்தான் செய்தேன். எதைப் பார்த்தாலும் எண்ணும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

அன்று மாலை சுண்டு விரலுக்கு அடியில் கொப்புளம் தெரிந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் வைத்தேன். அது உடைந்து புண்ணாகி, மூடாமலே இருந்தது. பிறகுதான் பெரம்பலூரில் நான் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் போனேன். அந்த மருத்துவமனை நடைவழியில் பதினோரு நாற்காலிகள். அன்று உட்கார்ந்திருந்தவர்களில் ஆறு பேருக்குக் காலில் கட்டு. யாரும் யாருடைய காலையும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மருத்துவர் ஐம்பது வயதுப் பெண்மணி. வேகமாகப் பேசுவார். என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் பத்து இடங்களில் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். நான் மூன்று முறை சொன்னேன். அதில் ஒரு முறை அவர் தொடவே இல்லையாம்.

"நரம்பு வேல செய்யல ஐயா. ஒங்க கால் ஒங்ககிட்ட எதையும் சொல்லாது. இனிமே நீங்கதான் பாத்துத் தெரிஞ்சுக்கணும்" என்றார். நரம்புப் பாதிப்பு (சர்க்கரை கூடுதலாகவே இருந்து நரம்பு நுனிகள் கெட்டுப்போவது) என்று சீட்டில் எழுதினார். புண் எலும்பைத் தொட்டிருக்கலாம் என்று படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சுண்டு விரலுக்கு இன்னும் உறுதியாச் சொல்ல மாட்டேன். மருந்து தரேன், ரெண்டு மாசம் பாப்போம். சர்க்கரை எறங்கலைன்னா விரலோட நிக்காது. பாதத்துக்கே வந்துரும்."

அப்போது என் மூன்று மாதச் சராசரி (ரத்தத்தின் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அளவு) பத்தரை. ஏழுக்குள் இருக்க வேண்டும். காலையில் இருபத்தெட்டு யூனிட், இரவில் பதினாறு யூனிட் இன்சுலின் ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரைகள் ஒன்பது. இதற்கு மேல் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. களைப்பாக இருந்தது. அந்தக் களைப்பை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு என் மைத்துனர் செல்வராசு என்னைப் பார்க்க வந்தார். என் மனைவி காமாட்சியின் தம்பி. பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரமாகப் பரோட்டாக் கடை வைத்திருக்கிறார். நாற்பத்தாறு வயது. போன பொங்கலுக்குப் பார்த்தபோது இருந்த தொப்பை இல்லை. சட்டை தொளதொளத்தது. அவருக்கும் சர்க்கரை உண்டு, மாத்திரை அளவில்.

"மாத்திரையையே விட்டுட்டேன் மாமா. அரிசி, கோதும, காய், பழம் ஒண்ணும் கெடையாது. காலையில முட்ட, மத்தியானம் ஆட்டுக்கறி, ராத்திரி பசிச்சா கோழி. பசிக்கலைன்னா அதுவும் இல்ல. வெறும் கறிதான்" என்றார். கைபேசியில் யார் யாரோ பேசும் காட்சிகளைக் காட்டினார்.

காமாட்சி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ஊருக்கெல்லாம் பரோட்டாவ வீசிப்புட்டு நீ மட்டும் கறியா திங்கிற? ஒன் கட வாசல்ல அத எழுதிப் போடேன்டா."

"எழுதிப் போட்டா கடைய மூடிட்டு இங்கதான் வந்து ஒக்காரணும்க்கா. நீ சோறு போடுவ. எனக்கு அது ஆவாது."

சிரித்தோம். போகும்போது வாசலில் என் காலைப் பார்த்துவிட்டு அவர் குரல் இறங்கியது. "வயிறு நெறயச் சாப்புடுங்க மாமா. அளவே கெடையாது. ஊசிய மட்டும் விட்டுருங்க."

நான் ஏன் சம்மதித்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். காணொளிகளை நம்பியதால் அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளாக எனக்குச் சொல்லப்பட்டவை எல்லாம் கழித்தல்கள். இனிப்பு வேண்டாம், கிழங்கு வேண்டாம், மாம்பழம் வேண்டாம், இட்லி மூன்றுக்கு மேல் வேண்டாம், சோறு ஒரு கரண்டி. வயிறு நிறையச் சாப்பிடு என்று ஒருவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். அதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். பட்டினி கிடந்தவன் சோற்றைப் பார்த்தது போல என்று சொல்லலாம். ஆனால் இங்கே சோறுதான் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. விரல் போகப்போகிறது என்றால், அதற்கு முன் நானாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது.

ஊசியை விட மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. எந்த நாளும் ஊசியை விடக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே ஊசியை அவர் சொன்னபடி போடுவது, சாப்பாட்டை மைத்துனர் சொன்னபடி சாப்பிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு பக்கமும் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்தேன். மருத்துவரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்ற பயம் ஒன்றுதான் காரணம்.

முதல் சிக்கல் வீட்டில் வந்தது. எங்கள் வீட்டில் செவ்வாய், வெள்ளி, சனி கவுச்சி சமைப்பதில்லை. ஏழில் மூன்று போனால் நான்கு. வாரத்தில் நான்கு நாள் மட்டும் கறி தின்று இந்த உணவுமுறையைப் பின்பற்ற முடியாது.

"வியாழக்கெழமயே வேக வச்சு ஃபிரிட்ஜுல வச்சிரு" என்றேன்.

"வெள்ளிக்கெழம ஃபிரிட்ஜு மட்டும் என்ன வேற வூட்டுலயா இருக்கு?"

"முட்ட?"

"முட்ட மட்டும் செடியிலயா காய்க்குது?"

கடைசியில், அந்த மூன்று நாளும் கொல்லைப்புறத்தில் மின்னடுப்பு வைத்து, தனிப் பாத்திரத்தில் நானே முட்டை அவித்துக்கொள்வது என்று ஒப்பந்தம் ஆனது. சாப்பிட்டதும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அமாவாசை அன்று அதுவும் கிடையாது என்றாள். அதில் எனக்கும் மறுப்பு இல்லை. அப்பா இறந்ததிலிருந்து நான் அமாவாசை விரதம் விட்டதில்லை.

சோறில்லாமல் கறியை மட்டும் தின்பது நான் நினைத்தது போல் இல்லை. முதல் நாள் நல்ல ருசி. மூன்றாம் நாள் தாடை வலித்தது. எனக்கு ஒன்பது பற்கள் இல்லை. ஒரு துண்டை நாற்பது முறை மென்றும் விழுங்க முடியாமல் எடுத்து வைத்தேன். மலச்சிக்கல் வந்தது. வாயில் பழம் அழுகியது போன்ற வாடை. காமாட்சி எதிரே உட்கார்ந்து தன் ரசச் சோற்றைச் சாப்பிடுவாள். அந்த வாசனைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

"சோறில்லாம கறி திங்கிறது சாராயக் கடையிலதான். நீங்க வூட்டுலயே தொடங்கிட்டீங்க" என்றாள் ஒரு நாள்.

ஆனால் சர்க்கரை இறங்கியது. இதை மறைக்க மாட்டேன். காலை வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பதாக இருந்தது, இரண்டாம் வாரத்தில் நூற்றுப் பதினெட்டு. குளுக்கோமீட்டரில் (விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் சிறு கருவி) அந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலைக் குத்தி மறுபடியும் பார்த்தேன். புண்ணின் ஓரம் வெளுப்பு மாறிச் சிவந்திருந்தது. விரல் தங்கிவிடும் என்று நம்பத் தொடங்கினேன்.

மாலை வேளைகளில் கை நடுங்கியது. வியர்த்தது. சட்டைப் பொத்தான் மாட்ட முடியவில்லை. செல்வராசுவிடம் தொலைபேசியில் சொன்னேன். "ஒடம்பு பழகுது மாமா. எனக்கும் மொத வாரம் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் அவர் ஊசி போடுபவர் அல்ல என்பதை இருவருமே யோசிக்கவில்லை. நானாவது யோசித்திருக்க வேண்டும்.

இனி வைகாசி அமாவாசை.

வழக்கமாக அமாவாசை அன்று காலையில் ஒன்றும் சாப்பிட மாட்டேன். படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அது எடுத்த பிறகு மதியம் இலையில் உட்காருவேன். அன்று மட்டும் ஊசியையும் மதியத்துக்குத் தள்ளிப் போட்டுக்கொள்ளும்படி மருத்துவர் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்படியேதான் செய்துவந்தேன்.

இந்த அமாவாசையில் என் கணக்கு இப்படிப் போயிற்று. கறி இன்று ஆகாது. படையலில் இருப்பது சோறு, வாழைக்காய், பூசணிக்காய்ச் சாம்பார், பாயசம்; எனக்கு அதுவும் ஆகாது. ஆகவே இன்று சாப்பாடே இல்லை. முந்தின இரவு கொழுப்போடு தின்ற கறி வயிற்றிலேயே இருக்கிறது, பசியும் இல்லை. பசிக்காவிட்டால் சாப்பிட வேண்டாம் என்றுதானே சொன்னார்கள். மதியச் சாப்பாடு இல்லை என்றால் ஊசியை மதியத்துக்குத் தள்ள வேண்டிய காரணமும் இல்லை. ஊசியை விடக் கூடாது. காலையிலேயே போட்டுக்கொண்டேன். இருபத்தெட்டு யூனிட்.

ஒவ்வொரு படியும் சரியாக இருந்தது போலத்தான் தோன்றியது. எடை மேடையில் இப்படி ஒரு கணக்கை யாராவது எழுதியிருந்தால் நான் உடனே பிடித்திருப்பேன்.

அன்று காக்கை வரத் தாமதமானது. காமாட்சி மதில் மேல் சோற்றை வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் படையல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். சும்மா இருக்க முடியாமல் இலையில் இருந்த வாழைக்காய்த் துண்டுகளை எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன், பதினொன்று. மூன்றாம் முறை, பாதியிலேயே எந்த எண்ணில் நின்றேன் என்று தெரியவில்லை. பயமாக இருந்தது. எழுந்து சொல்ல நினைத்தேன். என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததைக் காமாட்சி சொல்லித்தான் அறிவேன். காக்கை எடுத்துவிட்டது என்று சொல்ல அவள் உள்ளே வந்தபோது நான் சுவரில் சாய்ந்திருந்தேன். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் லாரி எண் ஏதோ சொன்னேனாம். அவள் எத்தனையோ முறை என்னோடு மருத்துவமனைக்கு வந்தவள். உடனே பாயசத்தை எடுத்துவந்து ஊட்டப் பார்த்திருக்கிறாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். கையைத் தட்டிவிட்டேன். "சக்கர, வேணாம்" என்றேனாம். அறிவு பாதி போன பிறகும் அந்த விரதம் மட்டும் போகவில்லை.

அப்போது அவள் சொன்னது இது. "இது ஒங்க அப்பாவுக்குப் படச்சது. காக்கா எடுத்துருச்சு. அவுரு சாப்புட்ட மிச்சத்த வேணாம்பீங்களா?"

வாயைத் திறந்தேனாம். நான்கு கரண்டி உள்ளே போயிருக்கிறது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருந்தார்கள். வண்டியில் பார்த்தபோது, அந்தப் பாயசத்துக்குப் பிறகும், என் சர்க்கரை நாற்பத்தொன்று. அரியலூரில் கையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். விழித்தபோது மேலே மின்விசிறி சுற்றியது. எத்தனை இறக்கைகள் என்று பார்த்தேன். மூன்று. மறுபடியும் பார்த்தேன். மூன்றுதான். அழுதேன்.

தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிப்போவது) கூடுதல் சர்க்கரையைவிட வேகமாக ஆளைக் கொல்லும் என்று அங்கே சொன்னார்கள். இன்னொன்றையும் காமாட்சியிடம் சொன்னார்கள். விழுங்கத் தெரியும் வரைதான் வாயில் எதுவும் கொடுக்கலாம். நினைவு முழுதும் தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். வீட்டில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் பெரம்பலூர் மருத்துவர் முன் உட்கார்ந்தோம். அவர் தாள்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல ஐயா?"

"திட்டுவீங்கன்னு."

"திட்டித்தான் இருப்பேன். திட்டிட்டு ஊசியப் பாதியாக் கொறச்சிருப்பேன்ல?"

காமாட்சி தலை குனிந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரிசியைக் குறைத்தது நல்லதுதான் என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். எண்கள் இறங்கியது உண்மை. ஆனால் என் கிரியேட்டினின் (சிறுநீரகம் எவ்வளவு கழிவை வெளியேற்றாமல் விட்டுவைக்கிறது என்பதைக் காட்டும் அளவு) ஏறியிருந்தது. சிறுநீரில் புரதம் போனது. "ஒங்க மச்சானோட கிட்னி வேற, ஒங்க கிட்னி வேற. முழுக்கக் கறின்னா ஒங்களுக்கு ஆவாது" என்றார். உள்ளங்கை அளவு மீனோ கோழியோ, ஒரு முட்டை, நிறையக் கீரை, ஒரு சின்னக் கரண்டிச் சோறு. ஊசி காலையில் பதினான்கு, இரவில் எட்டு. மறுபடியும் ஒரு கரண்டி.

செல்வராசு வந்தார். வாசலிலேயே நின்றார். "என்னாலதான்" என்றார். காமாட்சி அவரை உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். "நீ சொன்னதுல பாதி. டாக்டரு சொன்னதுல பாதி. ஒண்ண முழுசாக் கேட்டிருந்தா இவரு ஏன் விழப்போறாரு?" என்றாள். நான் இத்தனை பக்கத்தில் எழுதுவதை அவள் அவ்வளவில் முடித்துவிட்டாள். ஆனாலும், என்னைப் போன்றவர்கள் மைத்துனர் பேச்சை முழுசாகக் கேட்டு, ஒரேயடியாக ஊசியை நிறுத்தியிருந்தாலும் விழுந்துதான் இருப்பார்கள், சர்க்கரை ஏறிப்போய், வேறு பக்கமாக. அதையும் மருத்துவர் சொன்னார்.

விரல் தங்கவில்லை. எலும்பில் சீழ் ஏற்கெனவே இறங்கியிருந்தது. ஆடியில் சுண்டு விரலை எடுத்தார்கள். மரப்பு ஊசி போட்டார்கள். போடாமலே எடுத்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டேன். "தெரிஞ்சிருக்காதுதான். அதுக்காக அப்புடிப் பண்ண முடியுங்களா?" என்றார் அறுவை செய்தவர். சர்க்கரை கட்டுப்பட்டிருந்ததால் வெட்டிய இடம் ஆறியது. பாதம் இருக்கிறது. கறி தின்ற அந்த நாட்கள் பாதத்தைக் காப்பாற்றினவா, அல்லது சிறுநீரகத்தைக் கெடுத்தனவா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அது பழகாத ஒன்று. மொத்த எடை மட்டும் தெரிகிறது. காலி எடை தெரியவில்லை.

இப்போது என் நாள் வேறு மாதிரிப் போகிறது. முன்பு காலை, மதியம், மாலை என்று இருந்தது. இப்போது ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் உள்ள அந்த அரைமணி நேரம்தான் எனக்குத் தெரிகிறது. அதைத் தாண்டினால் அடுத்தது. அடுத்த வருஷம் என்று யாராவது பேசினால் வேற்றூர்ச் செய்தி போலக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கால் என்னுடையது என்பதைவிட, என்னிடம் பார்த்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டது என்றே தோன்றுகிறது. தினமும் அந்தியில் கைக்கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். காமாட்சி விரல் இடுக்குகளை ஈரம் இல்லாமல் துடைக்கிறாள். நான்கு விரல், மூன்று இடுக்கு.

சில அந்திகளில் அந்தச் சுண்டு விரல் அரிக்கிறது. இருந்தபோது தாரில் வெந்ததைக்கூடச் சொல்லாத விரல். வெட்டிய உறுப்பு இருப்பது போலவே மூளை நினைத்துக்கொள்ளும், சிலருக்கு அப்படி வரும், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். முதல் தடவை காமாட்சியிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"எந்த எடத்துல?" என்றாள்.

காட்டினேன். கட்டில் விரிப்புக்கு மேலே வெறும் இடம். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியை மடியில் வைத்துவிட்டு, அந்த வெறும் இடத்தில் நகத்தால் மெதுவாகச் சொறிந்தாள்.

"போச்சா?"

"இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றேன்.